பூனைவணங்கி

மாயக்காளைப் பற்றி எழுதுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் தேவாரம் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் நேர்மாறாகச் சொல்வார்கள். "அந்தம்மாவப் பத்தி மருந்துக்கடை அண்ணாச்சிகிட்டக் கேளுங்க. அது பேரைக் காப்பாத்தப் பழியத் தன் தலையில போட்டுக்கிட்ட மனுசன்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று எனக்குத் தெரியாது. அவள் செத்து இரண்டு வருசம் ஆகிறது. வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், அது வேறு விதமாக முடிந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் வைகுண்டராஜ். கடை என் அப்பா வைத்தது. சுக்கு, திப்பிலி, வசம்பு, பெருங்காயம் என்று நாட்டு மருந்துச் சரக்கு விற்கிற கடை. அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் கடையில் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. கல்லாவில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னால் லட்சுமி எழுந்து போய்விடுவாளாம். சரக்குத் தீர்ந்திருந்தால் 'வந்துக்கிட்டிருக்கு, நாளைக்கு வாங்க' என்று சொல்லி அனுப்ப வேண்டும். எல்லாக் கடைக்காரரும் செய்வதுதான் இது. நான் அதற்கும் மேலே போனேன். நாளைக்கு வாங்க என்று சொல்வதையே கௌரவக் குறைச்சலாக நினைத்தேன். 'வைகுண்டராஜ் கடையில் கேட்டது கிடைக்கும்' என்று நாலு பேர் சொல்வதில் எனக்கு அப்படி ஒரு ருசி.

மாயக்காளின் ஊர் தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் இருக்கிறது. பருத்தியும் சோளமும் போடுகிற ஊர். புருசன் பெயர் அழகர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டி மழை பொய்த்தபோது இருவரும் மேகமலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். சின்னமனூர் போய், அங்கிருந்து மலைப்பாதையில் நடந்தே ஏறினார்கள். கூலிகள் தங்கும் லயத்தில் ஒரே அறையில் மூன்று குடும்பம். இரண்டாம் வருசம் மலைக்காய்ச்சல் வந்தது. அழகரைக் கொண்டுபோயிற்று. மாயக்காளை விட்டுவிட்டது, ஆனால் சும்மா விடவில்லை.

உயிர் பிழைத்து, தனியாகக் கீழே இறங்கி வரும்போதுதான் அவளுக்கே அது தெரிந்ததாம். பாதையில் ஏலக்காய் உலர்த்துகிற கொட்டகை ஒன்று உண்டு. மாமூலாக அதைத் தாண்டும்போது வாசனை தலைக்கு ஏறிக் கிறுகிறுக்கும். அன்று ஒன்றுமே வரவில்லை. திரும்பி நடந்து கொட்டகைக்குள்ளேயே போய், ஒரு கை ஏலக்காயை அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கூழாங்கல்லை முகர்ந்த மாதிரி இருந்ததாம். புருசனுக்கு அழுத அழுகை முடியுமுன் மூக்குக்கு எங்கே தனியாக அழுவது என்று அப்படியே இறங்கி வந்துவிட்டாள்.

வந்த இடத்தில் அவளுக்கு மூக்குத்தான் தேவைப்பட்டது. ஏனென்றால் அழகரின் குடும்பம் அந்த ஊர்ப் பெருமாளுக்குத் தைலம் காய்ச்சிக் கொடுக்கிற குடும்பம்.

அந்தப் பெருமாள் சுதைச் சிலை. தண்ணீர் பட்டால் கரையும் என்பதால் அபிஷேகம் கிடையாது. வருசத்துக்கு ஒருமுறை, தை அமாவாசையன்று, உச்சி முதல் பாதம் வரை தைலம் பூசுவார்கள். தைலக்காப்பு என்று பெயர். நல்லெண்ணெய், கொஞ்சம் சந்தனத்தூள், சடாமாஞ்சில். மூன்றே சரக்கு. சடாமாஞ்சில் வடக்கே பனிமலையில் விளைகிற வேர். சாமியாரின் சடையைக் கத்தரித்துப் போட்டாற்போல் முடி முடியாக இருக்கும். கடையில் நாங்கள் மாஞ்சில் என்போம். மண்ணும் கஸ்தூரியும் பழைய தேக்குப் பெட்டியும் கலந்தாற்போல ஒரு வாசனை. எந்தக் காலத்தில் யார் கண்டுபிடித்தார்களோ, அந்தத் தைலத்துக்கு ஈடான வாசனையை நான் எங்கேயும் கண்டதில்லை. அந்த ஊரில் பெருமாள் வாசனை என்றால் மாஞ்சில் வாசனைதான்.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. சாமிக்கு வைக்கிற பூவை முகரக்கூடாது அல்லவா, அதேபோல இந்தத் தைலத்தையும் சாமிக்கு முன் யாரும் முகரக்கூடாது. காய்ச்சுகிறவர் ஊருக்கு வெளியே தோட்டத்துக் குடிசையில், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஒற்றை ஆளாகக் காய்ச்ச வேண்டும். செம்பின் வாயைக் கட்டிக் கொடுக்க வேண்டும். பூசாரியும் மூக்கைக் கட்டிக்கொண்டு, திரைக்கு உள்ளேதான் அவிழ்ப்பார். பூசி முடித்துத் திரையை விலக்கும்போது சிலை கண்ணுக்குத் தெரியும் முன் வாசனை வந்து சேரும். அந்த வாசனைக்குத்தான் கூட்டம் 'கோவிந்தா' என்று குரல் எழுப்பும். அப்புறம் நாட்டாண்மை சீனிச்சாமி காய்ச்சினவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு முதல் துளசியைக் கொடுப்பார்.

மலையில் இருந்தபோதும் தை பிறந்தால் இருவரும் இறங்கி வர, அழகர் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் இறந்த வருசம் காய்ச்ச ஆள் இல்லை. அழகரின் தம்பிக்குக் காய்ச்சத் தெரியாது, பொறுமையும் கிடையாது. அழகர் வாயால் சொல்லக் கேட்ட பக்குவம் மாயக்காளுக்குத்தான் தெரியும். தாலி அறுத்தவள் சாமி காரியத்தில் கை வைப்பதா என்று ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். 'இந்த ஒரு வருசம் காய்ச்சட்டும், பாப்பம்' என்று சீனிச்சாமி முடித்துவைத்தார். திரை விலகியதும் அடித்த வாசனையில் பேச்சு நின்றுபோனது. "தைலக்காரி மாயக்கா! வந்து வாங்கிக்கத்தா!" என்று சீனிச்சாமி கூப்பிட்டார். கல்யாண வீட்டில், காதுகுத்து வீட்டில், எதிரே வந்தாலே முகம் சுளிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயரை ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒருவர் கூப்பிட்டார். வருசத்தில் அந்த ஒரு கூப்பாட்டுக்காகத்தான் அவள் மற்ற முன்னூற்றுச் சொச்ச நாளும் களை எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

மூக்கில்லாமல் எப்படிக் காய்ச்சினாள்? பதம் பார்க்க அவளுக்கு விரலும் காதும் போதும். எண்ணெயில் வேகும் விழுதை எடுத்து உருட்டினால் மெழுகு மாதிரி திரள வேண்டும். ஒரு துளியை நெருப்பில் போட்டால் சடசடக்கக் கூடாது. அதோடு, முகரக்கூடாது என்ற சட்டமே அவளுக்குக் காவலாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் மூக்கு வேண்டும், நல்ல மாஞ்சிலா என்று பார்த்து வாங்குகிற இடத்தில். அதற்கு அவள் பூனையைக் கொண்டுவந்தாள்.

மாஞ்சில் வாசனைக்குப் பூனை மயங்கும். மருந்துக்கடைக்காரனுக்கெல்லாம் தெரிந்த தொல்லை அது. மூட்டையைப் பிரித்தால் தெருப்பூனை முழுக்க வந்து அதன்மேல் புரளும். மாயக்காளின் பூனைக்குத் தாசில்தார் என்று பெயர். கடுவன், ஒரு காது கிழிந்தது. அதைக் கூடையில் போட்டு மேலே துணி கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியே வருவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். நான் ஒரு பிடி வேரைக் கீழே போட்டால் தாசில்தார் இறங்கி, சுற்றி வந்து, கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரளும்.

"தாசில்தார் கையெழுத்துப் போட்டாச்சு. நிறுங்க அண்ணாச்சி" என்பாள்.

"ஏத்தா, நீ மோந்து பாத்தா ஆகாதா?" என்று கேட்டால், "சாமி சரக்க மனுசந்தேன் மோக்கக்கூடாது. பூனைக்கு என்ன சட்டம்?" என்பாள். பக்தி என்றே நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் என் கடையில் மூட்டைகளுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தது. இரண்டு நாள் ஆகியிருக்கும். வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நானே தெருவில்தான் நின்றேன். மாயக்காள் வந்தாள். நேரே உள்ளே போய், மூட்டைமேல் சாய்ந்து நின்று, மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் சாவகாசமாகப் பேசினாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். என் கை மூக்கைப் பொத்தியிருந்தது. பேச்சு பாதியில் நின்றது.

மூட்டையை விட்டு நிமிர்ந்து கேட்டாள். "என்ன வாடை அண்ணாச்சி?"

"எலி செத்துக் கெடக்கு."

அவள் வெளியே வந்து என் முன்னால் நின்றாள். கை கூப்பவில்லை, அழவில்லை. "யார்ட்டயும் சொல்லிராதீக. என் பேரக் கூப்புடுறது அங்கன ஒரு எடத்துலதேன்" என்றாள். சொல்லமாட்டேன் என்று சொன்னேன். என் இரண்டு பெண் பிள்ளைகள் மேல் ஆணையாக என்று நானாகவே சேர்த்தும் சொன்னேன். அவள் அவ்வளவு கேட்கவே இல்லை.

நாற்பத்திரண்டில் உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று மதுரையிலிருந்து போடிக்கு வந்த ரயிலின் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பே வடக்கத்திச் சரக்கு வருவது குறைந்துவிட்டது. இப்போது கரியில் ஓடுகிற பஸ் ஒன்று, அதுவும் ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ளுகிற பஸ், அதில் என்ன வருமோ அதுதான் சரக்கு. நாற்பத்துமூன்று தை பிறந்தபோது மதுரையிலேயே மாஞ்சில் கிடையாது. என்னிடம் இருந்தது மாஞ்சில் இருந்த சாக்கு மட்டும்.

மாயக்காள் கூடையோடு வந்து கேட்டாள்.

"இருக்குல்ல அண்ணாச்சி?"

"ரெண்டு நாள் கழிச்சு வா. எடுத்து வைக்கிறேன்."

என் முகத்தில் அவள் எதையோ பார்த்திருக்க வேண்டும். "இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருங்க. நான் நாட்டாமைகிட்டச் சொல்லி, இந்த வருசம் சந்தனத்தோட காய்ச்சிர்றேன். சண்டைக்காலம்னு அவுகளுக்குந் தெரியுமே. ஒண்ணும் சொல்லமாட்டாக" என்றாள்.

இதைவிட ஒரு மனிதனுக்கு எப்படி வழிவிடுவது? ஒரு சொல் போதும். கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். போடியில் புதிதாக ஒரு மருந்துக்கடை வந்திருந்தது. "என் கடையில இல்லாம வேற எங்க இருக்கும்? போயிட்டு வாத்தா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் வாய்க்கால் ஓரத்தில் கோரைவேரைப் பிடுங்கிக் காயவைத்தேன். புளித்தண்ணீரில் காவியைக் கரைத்து நிறம் ஏற்றினேன். முடி முடியாக, பார்வைக்கு மாஞ்சில் மாதிரியே இருந்தது. அவளுக்கு வாசனை தெரியாது, அது எனக்குத் தெரியும். என் கவலையெல்லாம் பூனையைப் பற்றி. அதற்கும் வழி இருந்தது. குப்பைமேனிச் செடி நம் பக்கம் வேலியோரம் எங்கும் முளைத்துக் கிடக்கிறது. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை விடாது, விழுந்து புரளும். அதனால்தான் அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். பச்சை வேரைத் தட்டி, துண்டும் சாறுமாகக் கோரையோடு போட்டுப் பிசைந்தேன். புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்கிறேன் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், இருந்தது.

அவள் வந்தாள். விரலால் நெருடிப் பார்த்தாள். "சடை முரடா இருக்கே அண்ணாச்சி?"

"பழைய சரக்கு. காஞ்சு போயிருக்கு."

தாசில்தார் இறங்கியது. சுற்றி வந்தது. கன்னத்தைத் தேய்த்தது. மல்லாந்து புரண்டது.

"கையெழுத்துப் போட்டாச்சு" என்றாள் மாயக்காள். முகம் தெளிந்துவிட்டது.

தை அமாவாசையன்று நானும் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமோ என்று போனேன். காலை வெயில் ஏறியிருந்தது. மாயக்காள் வெள்ளைச் சீலை கட்டி, முன்வரிசை ஓரமாக நின்றாள். மேளம் முழங்கத் திரை விலகியது. கைகள் தயாராக மேலே போயின. யார் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

அந்த அமைதியில் ஒரே ஒரு குரல், "கோவிந்தா!" என்றது. மாயக்காளின் குரல். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, முழுத் தொண்டையில் கூப்பிட்டாள். கூடச் சேரும் குரல்களுக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வராததால் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீனிச்சாமி உள்ளே போய், செம்பில் விரலை விட்டு முகர்ந்தார். "என்னாத்தா இது? கோரைப்புல்லு வேகவச்ச எண்ணெயாவுல்ல இருக்கு?"

"மாஞ்சில் போட்டுத்தேன் காச்சுனேன். அண்ணாச்சி கடைல வாங்குனது" என்றாள். என்னைத் தேடிப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. நான் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்புகிற பார்வை.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. "நான் கொடுத்தது சுத்தமான சரக்கு. பூனைய விட்டுப் பாத்துத்தான வாங்கிக்கிட்டுப் போச்சு!" என்று கத்தினேன்.

"அது என்ன, பூனைய விட்டுப் பாக்குறது? இவளுக்கு மூக்கு இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஆமா, இல்ல. மலைக்காச்சல்லயே செத்துப்போச்சு. வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அழகரின் தம்பி பெண்டாட்டி பாண்டியம்மாள் முன்னால் வந்தாள். ஒரு கைக்குள் மல்லிகைப்பூ, இன்னொரு கைக்குள் கோயில் மடைப்பள்ளியிலிருந்து எடுத்த பெருங்காயக் கட்டி. இரண்டு முட்டியையும் மாயக்காளின் முகத்துக்கு நேரே நீட்டி, "எதுல எது இருக்கு? சொல்லுக்கா" என்றாள். மாயக்காள் ஒரு கையைப் பார்த்தாள், மறு கையைப் பார்த்தாள். பெருங்காயக் கையைத் தொட்டு, "பூ" என்றாள்.

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் "பத்து வருசமாச் சாமிய ஏமாத்தியிருக்காளே" என்றார்கள். இனி பாண்டியம்மாள் வீட்டில் காய்ச்சட்டும் என்று முடிவாயிற்று. முதல் துளசி அந்த வருசம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. மாயக்காள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனாள். என் பக்கத்தில்தான் போனாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்று வருசம் அவள் என் கடைக்கு வரவில்லை. வேலிக்கு வேலி, வாய்க்காலுக்கு வாய்க்கால், குப்பைமேனி முளைத்துக் கிடக்கிற நாடு இது. நான் போகிற பாதையெல்லாம் அது இருந்தது. சண்டை முடிந்து நாற்பத்தாறு தையில் மதுரையிலிருந்து நல்ல மாஞ்சில் ஒரு சிப்பம் வந்தது. பிரித்ததும் அந்த வாசனை. எனக்குக் கடையில் உட்கார முடியவில்லை. ஒரு பிடியை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு அவள் ஊருக்கு நடந்தேன்.

வாசலில் அடுப்புக்குப் பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் மாஞ்சிலைக் கீழே வைத்தேன். தாசில்தார் கிழடாகியிருந்தது. மெதுவாக வந்து, முகர்ந்து, மல்லாந்து புரண்டது.

"இதுக்கும் பொரளுது. அதுக்கும் பொரண்டுச்சு" என்றாள் மாயக்காள். "இத நம்பித்தேன் நான் இருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"மறுநா சக்கையக் கொட்டறப்பப் பாத்தேன். ரெண்டு துண்டு கெடந்துச்சு. பொறந்ததுலருந்து களை புடுங்குறவளுக்குக் குப்பைமேனி வேரு தெரியாதாக்கும்?"

"ஏத்தா, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"மூக்கில்லாதவ சொன்னா யாரு கேப்பாக? அதையுந்தேன் நீங்க முன்னாடியே சொல்லிட்டீகளே."

நான் அழுதேன். அவள் ஒடிப்பதை நிறுத்தவில்லை. அழுது முடிக்கும் வரை விட்டு, பிறகு சொன்னாள். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தேன் தெரியுமே. அங்கன போய்ச் சொல்லுங்க. அன்னைக்கு எந்த எடத்துல நின்னு, எந்தச் சத்தத்துல சொன்னீகளோ, அந்தச் சத்தத்துல சொல்லுங்க. என் பேரக் கூப்புடுவாக." சொல்கிறேன் என்றேன். இந்தத் தடவை ஆணை எதுவும் வைக்கவில்லை.

அந்த வருசத் தை அமாவாசைக்கு நான் தந்த மாஞ்சிலில் பாண்டியம்மாள் வீட்டில் தைலம் தயாரானது. திரை விலகியது. மூன்று வருசம் வராத வாசனை வெள்ளமாக வந்தது. கூட்டம் அலறியது, கிழவர்கள் அழுதார்கள். மாயக்காள் உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில், களைக்கொத்தியோடு, வேலைக்குப் போகிற வழியில் நின்றவள் மாதிரி நின்றாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பஞ்ச காலத்துல பெருமாளுக்கு மாஞ்சில் கொண்டாந்தவரு நம்ம அண்ணாச்சி. வாங்க இங்கிட்டு!" என்று சீனிச்சாமி என்னை முன்னால் இழுத்தார். வெளியூர்க் கடைக்காரன் ஒருவனை அந்தக் கோயிலில் அதுவரை அப்படி அழைத்ததில்லை. பூசாரி தட்டில் பரிவட்டத்தோடு வந்தார்.

நான் சொன்னேன். சொல்லாமல் இல்லை. "அன்னைக்குத் தப்பு அந்தம்மா மேல இல்ல. நான் கொடுத்ததுதான் மாஞ்சில் இல்ல" என்றேன். ஆனால் அன்றைய சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற பத்துப் பேருக்குக் கேட்டிருக்கும்.

சீனிச்சாமி என் தோளில் கை போட்டார். கூட்டத்தைப் பார்த்து, "கேட்டீகளா? ஒரு விதவைப் பொம்பள பேரு கெட்டுப்போச்சேன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு. மூக்குச் செத்தவள்னு ஊருக்கே தெரிஞ்ச பொறகும். மனுசன்னா இவருதேன்யா மனுசன்!" என்றார். கூட்டம் எனக்கு ஒரு கோவிந்தா போட்டது.

குப்பைமேனி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எங்கே பிடுங்கினேன், எப்படித் தட்டினேன், பூனை ஏன் புரண்டது என்று சொல்லியிருந்தால் அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் பூசாரி பரிவட்டத்தைக் கட்டிவிட்டார். பட்டுத்துணி, தைல வாசனை, நெற்றியில் இறுக்கமாக, சுகமாக இருந்தது. நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். நிமிர்ந்தபோது வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. பாண்டியம்மாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் மாயக்காள் என் கடைக்கு வந்தாள். கூடை இல்லை, பூனை இல்லை. கையில் ஒரு குப்பைமேனிச் செடி, இலையும் வேருமாக, வேரில் ஈரமண்ணோடு. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. செடியைத் தராசுத் தட்டில் வைத்தாள். தட்டு இறங்கியது.

"பூனை மட்டுந்தேன் இத வணங்கும்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றாள். "ஊரே வணங்குது."

திரும்பிப் போய்விட்டாள். அதன்பின் சாகும்வரை என்னோடு பேசவில்லை.

நின்றவர்களில் ஒருவர் செடியையும் என்னையும் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, அந்தம்மா என்னமோ சொல்லிட்டுப் போகுது? என்ன விசயம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை" என்றேன்.

அப்பா வைத்த கடையில், கல்லாவில் உட்கார்ந்து, அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.